அக்கரை மதகில் கொடி

பூந்தமல்லி
13-7-1937

அன்புள்ள ஜெயராமனுக்கு,

ஷவுகத் அலி எழுதுவது. நீ பட்டணம் போய் மூன்று வாரம் ஆகிறது. ஒரு கார்டு கூட வரவில்லை. இண்டர்மீடியட் வகுப்பில் சேர்ந்ததும் பள்ளிக்கூடத்து ஆறாவது பாரத்துக்காரனை மறந்துவிட்டாய் என்று அத்தா கேலி செய்கிறார்.

கணக்கில் கோட்டை விட்டவன் அதே பெஞ்சில் மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் சாரண வாத்தியார் இந்த வருஷம் என்னையே அணித்தலைவனாக்கிவிட்டார். சனிக்கிழமை மாலை விசில் ஊதினால் முன்போல எல்லோரும் ஓடி வருகிறார்கள். முடிச்சு போடுகிறோம், கூடாரம் அடிக்கிறோம், கொடி வீசி எழுத்தெழுத்தாகச் செய்தி அனுப்புகிறோம். எல்லாம் பள்ளி மைதானத்துக்குள்ளேதான். அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் தலை வைத்தும் படுக்கக் கூடாது என்று உத்தரவு.

நான் அதை மீறிவிட்டேன். அத்தாவின் கடையில் ஒரு சைக்கிளுக்குச் செயின் மாற்றியிருந்தோம். ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போனேன். சக்கரம் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. போன டிசம்பரில், ஏரி நிரம்பி வழியும் கலங்கலில், தண்ணீர் நம் அணிக் கோதண்டத்தை அடித்துக்கொண்டு போன பிறகு அந்தக் கரையில் நான் கால் வைத்ததில்லை. ஏரி இப்போது வற்றிக் கிடக்கிறது. நடுவில் மட்டும் குட்டை போலத் தண்ணீர்.

மணி நாலு இருக்கும். நல்ல வெயில். அக்கரை மதகின் மேல் ஒருவன் நின்று கொடி வீசிக்கொண்டிருந்தான். சிவப்பும் மஞ்சளும். நான் கவனிப்பதற்குள் பாதி போய்விட்டது. கடைசி மூன்று எழுத்து மட்டும் பிடித்தேன்: டபிள்யூ, ஏ, ஒய். 'வே'. வழி.

ஆவடிப் பக்கத்துச் சாரணனாக இருக்கும் என்று நினைத்தேன். யாருக்கு அனுப்புகிறான் என்று இந்தக் கரையில் இரண்டு பக்கமும் பார்த்தேன். என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

காலேஜில் மாலை வேளைகளில் என்ன செய்கிறீர்கள்? விவரமாக எழுது.

உன்
ஷவுகத் அலி


சென்னை
24-7-1937

அன்புள்ள ஷவுகத்,

கோபித்துக்கொள்ளாதே. எழுதாததற்குக் காரணம் மறதி அல்ல. எழுத ஒன்றும் இல்லை.

இங்கே யாரும் விசில் ஊதுவதில்லையடா. நாலு மணிக்கு வகுப்பு முடிந்தால் உன்னை யாரும் கூப்பிடமாட்டார்கள். நீ எங்கே போனாய் என்று கேட்கவும் மாட்டார்கள். நம் பள்ளியில் பந்து ஒன்று, பையன்கள் நாற்பது பேர், எல்லோரும் ஓடினோம். இங்கே பந்தாட வேண்டுமானால் முதலில் நன்றாக ஆடத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவன் கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டலாம். எதற்கெடுத்தாலும் ஒரு சங்கம். சங்கத்துக்கு ஒரு காரியதரிசி. காரியதரிசிக்கு ஒரு தேர்தல். நாடகத்தில் நடிக்க வருகிறவனைவிட நோட்டீஸில் பெயர் வர வேண்டுமென்று வருகிறவன் அதிகம். முதல் பதினைந்து நாள் நாலு மணியிலிருந்து இருட்டும் வரை கடற்கரையில் தனியாக நடந்தேன்.

இப்போது இரண்டில் சேர்ந்திருக்கிறேன். ஒன்று சொற்போர்க் கழகம். இன்னொன்று படைப் பயிற்சி. என் கொடிச் சான்றிதழைப் பார்த்ததும் சிக்னல் பிரிவில் போட்டுவிட்டார்கள். காக்கி உடுப்பு, காலில் பட்டை, ஒரு ஹவில்தார். நாம் விளையாட்டாக வீசிய அதே கொடிதான். இங்கே சிரித்தால் மைதானத்தை இரண்டு சுற்று ஓட வேண்டும்.

நீ பார்த்தது ஆவடிப் பையனாகத்தான் இருக்கும். அதற்கு மேல் யோசிக்க அதில் ஒன்றுமில்லை. அந்த ஏரிக்கு நீ போகாமல் இருப்பது நல்லது.

உன்
ஜெயராமன்


பூந்தமல்லி
17-8-1937

அன்புள்ள ஜெயராமனுக்கு,

போகாதே என்று எழுதியிருந்தாய். மூன்று ஞாயிறு போனேன். மூன்று முறையும் நாலு மணிக்கு அவன் அங்கே நின்றான்.

கண் ஏமாற்றுகிறதோ என்று சந்தேகம் வந்தது. அதனால் நேற்று முன்தினம் வீராசாமியைக் கூட்டிக்கொண்டு போனேன். கோவில்பதாகையிலிருந்து இந்த வருஷம்தான் நம் அணியில் வந்து சேர்ந்தவன். கோதண்டத்தைப் பார்த்ததில்லை, அவனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவும் இல்லை. அவனை ஏரியைப் பார்த்து நிற்க வைத்தேன். நான் முதுகைக் காட்டிக்கொண்டு பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தேன். "ஒவ்வொரு எழுத்தா சொல்லு, யோசிக்காதே" என்றேன்.

"டபிள்யூ. ஐ. ஐ. சி. ஐ" என்றான். கொஞ்சம் நிறுத்தினான். "டபிள்யூ. ஏ. ஒய். அவ்ளோதான் அண்ணாத்தே. இன்னா பாஷ இது? மொதல் வார்த்தை புரியலையே."

எனக்குப் புரிந்தது.

கோதண்டம் 'ஹெச்' எழுத்தைப் போடும்போது வலக்கையைத் தோளுக்கு நேரே நீட்டமாட்டான். மேலே தூக்கிவிடுவான். பார்ப்பவனுக்கு அது 'ஐ' ஆகிவிடும். சாரண வாத்தியார் எத்தனை தரம் அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்! அந்த முதல் 'ஐ'யையும் கடைசி 'ஐ'யையும் 'ஹெச்' என்று படித்துப் பார். 'விச் வே'. எந்த வழி.

அவன் கேட்ட கடைசிக் கேள்வி அது. அன்று கொடித் தேர்வு முடிந்ததும் அக்கரையிலிருந்து அதைத்தான் கேட்டான். நீ படித்துச் சொன்னாய், நான் எழுதினேன். கலங்கலைக் கடந்தால் கால் மணியில் வந்துவிடலாம். ஏரியைச் சுற்றினால் ஒரு மணி நேரம். 'சுற்றிக்கொண்டு வா' என்று நீ பதில் அனுப்பினாய், அவன் மீறிக் கலங்கலில் இறங்கினான் என்று தலைமை ஆசிரியரிடம் சொன்னாய். அப்படித்தான் பதிவேட்டிலும் இருக்கிறது.

பதில் கிடைத்தவன் ஏன் மறுபடி மறுபடி கேட்கிறான், ஜெயராமா?

ஷவுகத்


சென்னை
21-8-1937

ஷவுகத்,

உன் கடிதத்தை அறையில் இருக்கிறவன் எடுத்துப் படித்துவிட்டுச் சிரித்தான். இனிமேல் இப்படி எழுதாதே.

நான் 'சுற்றி வா' என்றுதான் அனுப்பினேன். சொல்ல வேண்டியவர்களிடம் அன்றே சொல்லியாயிற்று. ஒரு எழுத்தைச் சரியாகப் போடத் தெரியாதவன் அடுத்தவன் அனுப்பிய எழுத்தை மட்டும் சரியாகப் படித்திருப்பான் என்று என்ன நிச்சயம்? அந்தப் புதுப் பையனுக்கும் பயிற்சி போதாது. இரண்டு தப்பும் ஒன்றாகச் சேர்ந்தது தற்செயல்.

இங்கே சொற்போரில் எந்தப் பக்கம் பேச வேண்டும் என்பதைச் சீட்டு எடுத்துத்தான் முடிவு செய்வார்கள். போன வாரம் இயந்திரங்கள் நன்மை என்று பேசினேன். இந்த வாரம் இயந்திரங்கள் தீமை என்று பேசினேன். இரண்டிலும் எனக்கே பரிசு. ஆகவே உன் வாதத்தில் எங்கெங்கே ஓட்டை என்று என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். சொல்ல விருப்பமில்லை.

ஜெயராமன்


பூந்தமல்லி
6-9-1937

ஜெயராமனுக்கு,

பரிசு வாங்கியவன் எழுதிய கடிதம் என்று பார்த்ததுமே தெரிந்தது. நான் உன்னோடு வாதாடவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நேற்று அவன் நிற்கிற இடத்துக்கே போய்விடுவது என்று புறப்பட்டேன். கலங்கல் காய்ந்துதான் கிடந்தது. ஆனாலும் அதில் கால் வைக்க மனம் வரவில்லை. ஏரியைச் சுற்றிக்கொண்டு சைக்கிளில் போனேன். பனைமரங்கள் மறைக்கும் வரை அவன் கொடி தெரிந்தது. மரங்களைத் தாண்டினேன். மதகின் மேல் யாரும் இல்லை. கல்லைத் தொட்டுப் பார்த்தேன். அந்த வெயிலில் சுட்டிருக்க வேண்டும். இரண்டு பாதம் நிற்கிற அளவுக்கு மட்டும் அந்தக் கல் குளிர்ந்திருந்தது. எருமை மேய்க்கும் அம்மாள் ஒருத்தி, "அங்க யாரும் வர்றதில்ல தம்பி, நீதான் வந்துகீறே" என்றாள். திரும்பி நம் கரைக்கு வந்து பார்த்தேன். அவன் நின்றுகொண்டிருந்தான்.

அவனுக்கு யாரும் வந்து பார்க்க வேண்டாம். பதில்தான் வேண்டும்.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை கோதண்டத்தின் அம்மா கன்னியம்மாள் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார்கள். களை எடுத்துவிட்டு நேரே வந்த கால், சேறு கூடக் காயவில்லை. பதிவேட்டில் எழுதியிருப்பதைக் குமாஸ்தா வாசித்துக் காட்டினாராம். வாசலில் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எம் புள்ள பேச்ச மீறிப் போய் செத்தான்னு எழுதி வச்சிகீறாங்களேபா. ஊருல அதையே சொல்றாங்க. பக்கத்து ஊட்டுக்காரி அவ புள்ளைய திட்டும்போது, 'கோதண்டம் மாதிரி சாவாதே'ன்றா. மெய்தானா? நீ கூடத்தானே இருந்தே?"

நான், "எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

அது பொய். எழுதுகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது விதி. அதனால் அன்று நான் கரைக்குக் கீழே, உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் கையை நான் பார்க்கவில்லை. ஆனால் நல்ல காற்று. ஒவ்வொரு எழுத்துக்கும் உன் கொடித்துணி படபடத்துவிட்டு அடங்கும். 'கோ ரவுண்ட்' என்று அனுப்ப ஏழு எழுத்து வேண்டும். எனக்கு நாலு முறைதான் கேட்டது.

ஒன்பது மாதமாக இதை என்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறேன். நீ என் சிநேகிதன் என்பதற்காக.

ஷவுகத் அலி


சென்னை
19-10-1937

ஷவுகத்,

ஆறு வாரமாக உனக்குப் பதில் எழுதவில்லை. இப்போதும் எழுதியிருக்க மாட்டேன். சனிக்கிழமை நடந்ததைக் கேள்.

தீவுத்திடலில் பயிற்சி. கூவம் ஓரமாகக் கொடி வீச ஒரு கட்சி, நாங்கள் கால் மைல் தள்ளி. அன்று அனுப்பியதெல்லாம் சங்கேதம். ஐந்து ஐந்து எழுத்தாக, அர்த்தமே இல்லாதவை. நான் படிக்கிறேன், நாகேந்திரன் என்று ஒரு பையன் எழுதுகிறான். பகல் பதினொரு மணி. முப்பது பேர் சுற்றி நிற்கிறார்கள்.

அர்த்தம் பார்க்காமல் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். முடிந்ததும், அனுப்பிய செய்தியின் மூலத்தாளையும் எங்கள் தாளையும் ஹவில்தார் ஒன்றாக வைத்துப் பார்த்தார். எல்லாம் சரி. நடுவில் மட்டும் அனுப்பாத எட்டு எழுத்து எங்கள் தாளில் இருந்தது. "இது யார் அனுப்பியது?" என்று கேட்டார். நாகேந்திரன் தாளை என்னிடம் நீட்டினான்.

டபிள்யூ ஐ ஐ சி ஐ. டபிள்யூ ஏ ஒய்.

நானே என் வாயால் படித்திருக்கிறேன், ஷவுகத். படிக்கும்போது தெரியவில்லை.

ஹவில்தாரின் தூரக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். அனுப்புகிறவன் கொடியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து காலில் பட்டை கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், ஆற்றோரமாக இன்னொருவன். அரைக்கால் சட்டை, கழுத்தில் நம் பள்ளியின் பச்சைத் துணி. அவன் மேல் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் எப்படி நின்றானோ அப்படி நின்றான். என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் இல்லை. பதிலுக்குக் காத்திருக்கிற முகம்.

நீ எண்ணியது சரி. நாலு எழுத்து. சி, ஓ, எம், இ. 'கம்.' வா.

தேர்வு வைக்க வந்தவர் ஆவடியில் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு முனையில் இருப்பவர்களும் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ். கோதண்டம் சுற்றிக்கொண்டு வந்தால் ஒரு மணி நேரம். அவர் போய்விடுவார். காலேஜுக்கு மனு போடும்போது அந்தச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கலங்கல் வழிவது எனக்குத் தெரியும். முழங்கால் அளவுதான் என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைக்க விரும்பினேனா, தெரியவில்லை.

அவன் என் பேச்சை மீறவில்லை. கேட்டுத்தான் இறங்கினான்.

தீபாவளி விடுமுறைக்கு வருகிறேன். நீயும் கூட வா. இரண்டு பேருமாகப் போய்க் கன்னியம்மாளிடம் சொல்வோம்.

ஜெயராமன்


பூந்தமல்லி
22-10-1937

ஜெயராமா,

நான் வரமாட்டேன். நீ தனியாகப் போ. நான் பக்கத்தில் நின்றால் பாதியை என்னைச் சொல்ல விட்டுவிடுவாய்.

என் பங்கை நான் இன்று காலையே செய்துவிட்டேன். தலைமை ஆசிரியரிடம் போய், நாலு முறை கேட்டது, பத்து மாதமாக மறைத்தேன் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். என் அணித்தலைவன் பட்டையை வாங்கிக்கொண்டார்.

மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி வருகிறது. வரும்போது கலங்கல் பக்கம் போகாதே.

ஷவுகத்


சென்னை
8-11-1937

அன்புள்ள ஷவுகத்,

போய்விட்டு வந்தேன். தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பதிவேட்டைத் திருத்துவதாகச் சொன்னார். என் சான்றிதழ் ரத்தாகும், காலேஜுக்கும் எழுதுவார். படைப் பயிற்சியிலிருந்து நானே விலகிவிட்டேன். சொற்போர்க் கழகத்திலிருந்தும். இனி நாலு மணிக்கு மறுபடி கடற்கரைதான்.

கன்னியம்மாள் வீட்டில் நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். அடிப்பார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். முறம் நிற்கவில்லை. நான் முடித்த பிறகுதான் நின்றது.

"அப்போ எம் புள்ள பேச்ச மீறல."

"இல்லம்மா."

"நீ கூப்டே. அவன் வந்தான்."

"ஆமாம்மா."

முறத்தைக் கீழே வைத்தார்கள். பிறகு, "எப்டி கூப்டே? கையால செஞ்சி காட்டு" என்றார்கள்.

முற்றத்தில் நின்று காட்டினேன். நாலு எழுத்து. எழுந்து வந்து எனக்கு எதிரே நின்றார்கள். நான் செய்தது போலவே செய்தார்கள். ஒரு கை தப்பாக வந்தது. "இன்னொரு தபா" என்றார்கள். நாலைந்து முறை ஆனதும் சரியாக வந்துவிட்டது. எழுத்தே தெரியாதவர்கள், ஷவுகத்.

"சுத்திகினு வான்றதுக்கு எப்டி?"

அதையும் காட்டினேன். அதையும் பார்த்துக்கொண்டார்கள்.

"அவன் அங்க நிக்கறான்னு அந்த சாயபு புள்ள யார்கிட்டயோ சொல்லிச்சாம். மெய்தானா?"

தலையை ஆட்டினேன். "செரி. நீ போபா" என்றார்கள். மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார்கள். என்னைத் திட்டவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. இனி ஒருநாளும் சொல்லமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஏரிக்குப் போகிற தைரியம் எனக்கு இல்லை. நீ போனால் அவனுக்குச் சரியான பதிலைக் கொடுத்துவிடு. சுற்றிக்கொண்டு வரச் சொல்.

ஜெயராமன்


பூந்தமல்லி
30-11-1937

அன்புள்ள ஜெயராமனுக்கு,

நீ சொன்னபடி கொடிகளை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனேன். வீராசாமியும் வந்தான். நான் நோன்பு வைத்திருந்தேன். பசி மயக்கத்தில் கண்டது என்று நீ நினைக்கலாம். அவன் நோன்பு வைக்கிறவன் இல்லை.

போன வருஷம் போலவே ஏரி ததும்பி நிற்கிறது. கலங்கல் இரைச்சல் சாலையிலேயே கேட்கிறது. கரை ஏறினால், எங்களுக்கு முன்னால் கன்னியம்மாள் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு கையிலும் கிழிந்த துணி. அக்கரையைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தார்கள். நான் எழுத்தைப் படித்தேன். சி, ஓ, எம், இ. நிறுத்தி, மறுபடி சி, ஓ, எம், இ. கை கொஞ்சமும் தப்பவில்லை.

ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். "அம்மா, இது நேரா வான்றது. சுத்திகினு வான்றது வேற. ஜெயராமன் காட்டலையா?"

"காட்டுச்சிபா. ரெண்டும் காட்டுச்சி."

"தண்ணி போவுதும்மா."

என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "உசுரோட கீறவன்தான் தண்ணிக்குப் பயப்படணும். எம் புள்ளைக்கு இனிமே இன்னா பயம்? ஒரு வருசமா அங்கயே நின்னுகினு கீறான். காலு நோவாது? நேரா வரட்டும்."

கையை உதறிவிட்டு மறுபடி வீசினார்கள்.

அக்கரையில் கொடி இரண்டும் கீழே இறங்கின. இத்தனை மாதத்தில் அவன் கொடியைச் சுருட்டி நான் பார்த்ததில்லை. சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். கலங்கலில் இறங்கினான். பாதி வரை பார்த்தேன். போன வருஷம் எங்கே கால் இடறியதோ அந்த இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். கலங்கல் இரைச்சல் மட்டும் கேட்டது. வேறு சத்தம் இல்லை.

கண்ணைத் திறந்தபோது மதகு வெறுமையாக இருந்தது. கலங்கலிலும் யாரும் இல்லை. துணிகள் கீழே கிடந்தன. கன்னியம்மாள் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்து, தன் தலைக்கு ஒரு சாண் உயரத்தில், வெறும் காற்றில் துவட்டிக்கொண்டிருந்தார்கள். நெற்றி, காதோரம், பிடரி என்று நிதானமாக. முந்தானை நனைந்து தண்ணீர் சொட்டியது.

"வா, போலாம். சோறு ஆறிடும்" என்றார்கள். எங்களிடம் அல்ல.

கரையில் வழி குறுகல் என்பது உனக்குத் தெரியும். வீராசாமி சைக்கிளைச் சரிவில் இறக்கி ஒதுங்கி நின்றான். கன்னியம்மாள் கடந்து போனார்கள். அவன் உடனே சைக்கிளை மேலே ஏற்றவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றுவிட்டு அப்புறம்தான் ஏற்றினான். யாருக்கு வழிவிட்டான் என்று நான் கேட்கவில்லை.

ஷவுகத் அலி